ஐப்பசியில் வந்து பார்

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய தகவலை உன் பெரியம்மாவும் நானும் சேர்ந்தே படித்தோம். சென்னையில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை, பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்குள் கடலோரமாக ஒரு சின்ன ஊருக்கு மாறிவிடலாம் என்று இருக்கிறோம், எது மலிவு என்று கேட்டிருக்கிறாய். புதுச்சேரி, நாகப்பட்டினம், தூத்துக்குடி, நாகர்கோவில் என்று நாலு ஊரை நீயே குறித்தும் வைத்திருக்கிறாய். வங்கியில் இருந்த காலம் பூராவும் இந்தக் கரையோரமாகவே மாற்றலாகிக் குடியிருந்தவன் நான். வீட்டுக்கடன் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ வீடுகளின் மொட்டை மாடி வரை ஏறிப் பார்த்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

வாடகை குறைந்த ஊரெல்லாம் மலிவான ஊர் இல்லை. வாடகையில் மிச்சம் பிடிக்கிற பணம் வேறு எந்த வழியில் கையைவிட்டுப் போகும் என்று முதலில் பார்க்க வேண்டும். கடலோரத்தில் அது பெரும்பாலும் தண்ணீரில் போகும். வீட்டுக்காரர் போர் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது என்பார். அந்தத் தண்ணீரில் ஒரு வாய் கொப்பளித்துப் பார். அதோடு, தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒன்றும் வாங்கிக்கொள், சில நூறு ரூபாய்தான் ஆகும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது என்றும், வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. கடற்கரைக்குப் பக்கத்துத் தெருக்களில் அதையும் தாண்டிய போர் தண்ணீரை நான் பார்த்திருக்கிறேன். குளிக்கிற ஹீட்டர், வாஷிங் மெஷின், குழாய், பாப்பாவின் தலைமுடி என்று எல்லாவற்றிலும் அந்த உப்பு தன் கணக்கைக் காட்டும். ஆகவே மாநகராட்சிக் குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது என்று விசாரி. வீட்டுக்காரரிடம் கேட்காதே, அந்தத் தெருவில் கேன் தண்ணீர் போடுகிற பையனிடம் கேள். ஒரு வீட்டுக்கு வாரம் எத்தனை கேன் போகிறது என்று அவன் சொல்லிவிட்டால் மீதி உனக்கே விளங்கிவிடும்.

அடுத்தது துரு. வீடு காட்டுகிறவர்கள் ஹாலையும் மாடுலர் கிச்சனையும்தான் காட்டுவார்கள். நீ படிக்கட்டின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார். சன்ஷேடின் கீழ் விளிம்பையும் தண்ணீர்த் தொட்டியைத் தாங்குகிற தூண்களையும் பார். பூச்சு உப்பியிருக்கிறதா, விரிசல் வழியாகப் பழுப்புக் கோடு இறங்கியிருக்கிறதா என்று கவனி. சந்தேகம் வந்தால் சாவியால் தட்டு. நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். கெட்ட இடத்தில் உள்ளே கூடு விட்டதுபோல் டொப்பென்று கேட்கும். உப்புக் காற்றிலும் உப்புத் தண்ணீரில் கலந்த சிமென்டிலும் இருக்கிற குளோரைடு கம்பியைத் தொட்டதும் அது துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். மேலே சிமென்ட் பூசிப் பெயின்ட் அடித்து மறைத்தால் ஒரு மழைக்காலம் வரை தாங்கும். வாடகைக்குப் போகிறவனுக்கு இதனால் என்ன என்று கேட்காதே. உதிர்வது உன் பாப்பா விளையாடுகிற இடத்தில்தான் உதிரும். ஏசியின் வெளி யூனிட்டும் பிரிட்ஜின் பின்பக்கமும் கடல் பார்த்த வீட்டில் சீக்கிரமே அரித்துப்போகும். அந்தச் செலவு உன்னுடையது.

கடல் தெரிகிற பால்கனி வேண்டும் என்று மருமகள் ஆசைப்படுவாள் என்று நினைக்கிறேன். அவளிடம் நான் சொன்னதாகச் சொல்: கடலோர ஊரில் குடியிருக்கலாம், கடலோரத்தில் குடியிருக்க வேண்டாம். இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி மேடான தெருவாகப் பாருங்கள். சாயங்காலம் வண்டியை எடுத்தால் பத்து நிமிஷத்தில் மணலில் கால் வைத்துவிடலாம்.

இப்போது வெள்ளம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தூத்துக்குடியில் மழையே கிடையாது என்று சொல்வார்கள். சராசரியைப் பார்த்தால் உண்மைதான், இங்கே உப்பளம் செழிப்பதே அதனால்தான். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது. மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற சராசரி மழையைவிட அது அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது உனக்கு நினைவிருக்கும். தூத்துக்குடி நகரத்துக்குள் வந்ததோ கடல் தண்ணீர் இல்லை. மேற்கே குளங்கள் உடைந்து வந்த தண்ணீர் அது. கிழக்கே போய்க் கடலில் விழ வழியில்லாமல் தாழ்ந்த தெருக்களில் நாள்கணக்கில் நின்றது. கடலோரம் என்றதும் எல்லோரும் அலையைத்தான் பார்க்கிறார்கள். நீ திரும்பி நின்று மேற்கே பார். குளம் எங்கே இருக்கிறது, ஓடை எங்கே போகிறது, அந்த ஓடையின் மேல் யார் வீடு கட்டியிருக்கிறார்கள் என்று பார். மனைப்பிரிவின் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, பக்கத்து மளிகைக் கடையில் கீழ்த்தட்டை எவ்வளவு உயரத்தில் அடித்திருக்கிறார்கள் என்று கவனி. நனைந்து நஷ்டப்பட்டவன் தட்டை உயர்த்தித்தான் அடிப்பான்.

புயலுக்குத் தூத்துக்குடி அவ்வளவாகப் பயப்படுவதில்லை. இலங்கை குறுக்கே கிடப்பதால் வங்கக் கடலின் பல புயல்கள் வடக்கே திரும்பிவிடும். அந்த நிழல் நாகப்பட்டினத்துக்கு இல்லை. 2004 சுனாமியில் அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் தென்னையையும் கூரையையும் ஒருசேரப் பிடுங்கியது. நாகையில் வாடகை குறைவு, மீன் மலிவு, நல்ல மனிதர்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினால் எங்கே போவாய் என்று யோசி. 2022-இல் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது என்றாலும் மருத்துவமனை ஊருக்குள் இல்லை, ஒரத்தூரில் இருக்கிறது. சின்னப் பிள்ளை உள்ள குடும்பத்துக்கு நான் நாகையைச் சொல்ல மாட்டேன்.

புதுச்சேரிக்கு ஜிப்மர் ஒன்றே போதும், மருத்துவத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் சனி ஞாயிறு கூட்டத்துக்கு அறை விடுவதில் லாபம் கண்டவர்கள் குடும்பத்துக்கு மலிவாக வீடு விடுவார்களா? அங்கே மலிவு என்றால் இனி ஊருக்கு வெளியேதான். இன்னொன்று, அது யூனியன் பிரதேசம். பாப்பா பெரியவளாகிக் கல்லூரிக்குப் போகும்போது குடியிருப்புச் சான்றிதழ் விதிகள் தமிழ்நாட்டைப் போல இருக்காது. மூன்று வயதில் இதை யோசிப்பது உனக்குச் சிரிப்பாக இருக்கும். பரவாயில்லை, சிரி. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அங்கே ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் பெய்துவிட்டுப் போனதையும் சேர்த்து யோசி.

நாகர்கோவில் எனக்குப் பிடித்த ஊர். இரண்டு பருவமழையும் கிடைக்கும், மலையும் பக்கம், வெயில் தூத்துக்குடியைப் போல் காயாது. பள்ளிக்கூடங்களுக்குக் குறைவில்லை. ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கடல் ஊருக்குள் இல்லை, சங்குத்துறைக்கோ முட்டத்துக்கோ போக வேண்டும். அதையும் நான் நல்லது என்றே சொல்வேன். ஒரே சிக்கல், பின்னால் மனை வாங்கலாம் என்று நினைத்தால் செண்ட் விலையைக் கேட்டதும் மயக்கம் வரும். குமரி மாவட்டத்தில் இடம் கொஞ்சம், ஆள் அதிகம், வெளிநாட்டுப் பணமும் நிறைய.

ஆகவே, வாடகைக்கு மட்டும் என்றால் நாகர்கோவில். நாளைக்கு வேலை போனாலும் வேறு வேலை தேடலாம், கையில் காசு சேர்ந்தால் ஒரு வீடும் வாங்கலாம் என்றால் தூத்துக்குடி. நான் இருக்கிற ஊர் என்று ஒருதலையாகச் சொல்கிறேன் என்பாய். இருக்கட்டும். உன் ஆபீஸ் இன்றைக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்கிறது, நாளைக்கு வாரம் மூன்று நாள் நேரில் வா என்றால்? அப்போது முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரிப் பயணம்தான், வாகைக்குளத்தில் விமான நிலையமும் இருக்கிறது. 2025 ஜூலையில் புது முனையம் திறந்தார்கள். ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்சார கார் தொழிற்சாலை திறந்தது. மருமகள் வேலைக்குப் போக நினைத்தால் துறைமுகத்தைச் சுற்றிக் கப்பல் ஏஜென்சிகளும் ஏற்றுமதிக் கம்பெனிகளும் உண்டு. கார் தொழிற்சாலையைச் சொல்லியே வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றிச் சொல்வார்கள், பேரம் பேசு.

குறையையும் சொல்லிவிடுகிறேன். வெயில் கொடுமை. ஆடிக் காற்றில் வீட்டுக்குள் புழுதி. அனல் மின் நிலையங்களின் பக்கம் போனால் சாம்பல். காற்றும் நிலத்தடி நீரும் கெட்டுவிட்டன என்ற கோபம் இந்த ஊரில் எவ்வளவு ஆழமானது என்பதற்கு 2018 மே 22 சாட்சி. ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லிப் போன கூட்டத்தின் மேல் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் செத்தார்கள். ஆலை மூடிவிட்டது என்றாலும், வீடு பார்க்கும்போது எந்தத் தொழிற்சாலைக்கு எந்தத் திசையில் இருக்கிறாய் என்று கேட்டுக்கொள்.

எந்த ஊரானாலும் வந்ததும் வாங்காதே. ஒரு வருஷம் வாடகைக்கு இரு. ஒரு கத்திரி வெயிலும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் அந்த வீட்டில் கழியட்டும். வீடு பார்க்கவும் தை மாதத்தில் வராதே. தையில் எந்தக் கடற்கரை ஊரும் மணப்பெண் மாதிரிதான் இருக்கும். ஐப்பசிக் கடைசியில், மழை பிடித்த ஒரு வாரத்தில் வா. ஷூவை விட்டுவிட்டு ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வா, நாம் தெருத் தெருவாக நடக்க வேண்டியிருக்கும். மருமகளையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டே வா, அவர்கள் பார்க்காமல் நீ மட்டும் முடிவு பண்ணாதே. தீபாவளிக் கூட்டத்தில் டிக்கெட் கிடைக்காது, இப்போதே போட்டுவிடு. லோயர் பெர்த்தாகப் பார். தேதி உறுதியானதும் சொன்னால் வாடகைக்கு விடுகிற வீடுகளை நான் முன்கூட்டியே விசாரித்து, படிக்கட்டுக்கு அடியில் ஒரு தட்டுத் தட்டி வைக்கிறேன்.

உன் பெரியப்பா
தூத்துக்குடி