செவிச் சோதனைக்கு உரிய காலம்

கண் மங்கினால் உடனே உணர்கின்றோம். அச்சில் இழை கோக்க இயலாத அன்றே மூக்குக் கண்ணாடியைத் தேடுகின்றோம். செவியின் குறையோ சிறிது சிறிதாக வருவது. குறையுடையவர் அறியுமுன் அவர் வீட்டார் அதனை அறிந்துவிடுகின்றனர். ஆதலின் எப்பொழுது செவியைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதை அங்கத்தினர் யாவரும் தெரிந்துகொள்வது அவசியம்.

பேரோசையால் செவி கெடும் என்பது நெடுநாளைய உண்மை. இத்தாலிய மருத்துவர் ராமசினி 1713ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூற்பதிப்பில், செம்பு தட்டும் தொழிலாளர் செவிடாவதைக் குறித்துள்ளார். ஸ்காட்லாந்தின் டண்டீ பகுதியில் சணல் நெசவாளரிடையே நிகழ்ந்த ஆராய்ச்சி 1965இல் வெளியாயிற்று. ஆண்டுகள் செல்லச் செல்லத் தறியின் ஓசை செவித்திறனைக் குறைப்பதை அது அளந்து காட்டியது. நம் பகுதிக்கும் இது பொருந்தும். பொதட்டூர்ப்பேட்டையில் விசைத்தறிகள் ஓடுகின்றன. 1964இல் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடி, பூவிருந்தவல்லிப் பட்டறைகளிலும் நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் உழைக்கின்றனர். உழவரிடத்தே உழவு இயந்திரமும் நெல்லடிக்கும் இயந்திரமும் உள்ளன.

உட்செவியில் நத்தை ஓடு போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதனுள் இருக்கும் மயிரிழை போன்ற நுண்ணணுக்களே ஒலியை நரம்புக்கு அளிப்பவை. பேரோசையால் மடிந்த அணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் கெடுவது கூரிய ஒலிகளைக் கேட்கும் பகுதி. 'ச', 'ஸ' போன்ற எழுத்தொலிகள் மங்கிவிடுவதால், பேச்சு காதில் விழுந்தும் சொல் விளங்குவதில்லை. "இந்தச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது" என்று பலர் பெருமையாகக் கூறுவர். செவி ஓசைக்குப் பழகுவதில்லை. தன் திறனை இழக்கின்றது. அச்சொல்லையே முதல் எச்சரிக்கையாகக் கொள்க.

மற்ற அறிகுறிகளும் உள. கைந்நீளத் தொலைவில் நிற்பவரிடம் உரத்துக் கூவினால்தான் கேட்கும் எனில், அவ்விடத்து ஓசை செவிக்குத் தீங்கானது. வேலை முடிந்து வீடு திரும்பிய பின்னும் காதில் இரைச்சல் நிற்றல், கூட்டத்தில் ஒருவர் பேச்சைப் பிரித்தறிய இயலாமை, வானொலியின் ஒலியை நாளுக்கு நாள் கூட்டுதல், "என்ன?" என்று அடிக்கடி வினவுதல் ஆகியவற்றில் ஒன்று காணினும் சோதனைக்குச் செல்க. இரைச்சலில் வேலை செய்வோர் அறிகுறி தோன்றும்வரை காத்திராமல், வேலையில் சேரும்பொழுதும் பின்னர் ஆண்டுக்கொரு முறையும் சோதித்துக்கொள்ளல் நலம். முதற் சோதனையின் குறிப்பு கையில் இருந்தால்தான் பின்னர் நேர்ந்த குறையை ஒப்பிட்டு அறியலாம்.

சோதனையில் வலி சிறிதும் இல்லை. அமைதியான அறையில் அமர்ந்து, காதணிக் கருவியின் வழியே மெல்லொலி கேட்கும்தோறும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவே. ஓசையின் களைப்பு கணக்கைக் கெடுக்குமாதலின், விடுமுறைக்கு மறுநாட் காலையில், வேலைக்குப் போகுமுன் செல்க. ஈ.எஸ்.ஐ. காப்பீடு உடையோர் தம் மருந்தகத்தில் சொல்லி மேற்சிகிச்சைக்குச் சீட்டுப் பெறலாம். ஏனையோர் அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவை நாடலாம். ஓசையால் வரும் செவிக்குறை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது. ஆதலின் அதனை மறைக்க வேண்டியதில்லை.

சிலவற்றில் தாமதம் கூடாது. ஒரு காது திடீரெனக் கேளாமற் போயின், அன்றே மருத்துவரிடம் செல்க. முதற் சில நாட்களில் தொடங்கும் சிகிச்சையே பெரிதும் பயன் தரும். காதில் சீழ் வடிந்தால் எண்ணெய் ஊற்றுதல் தவறு. பிறந்த குழவிக்கு முதல் மாதத்திற்குள் செவிச் சோதனை செய்தல் வேண்டும். கேட்காத குழந்தை பேசக் கற்பது அரிது.

இழந்த செவியை மீட்க இயலாது. எஞ்சியதைக் காக்க இயலும். காதடைப்பான் விலை மிகச் சிறிது. தறிக்கூடத்தில் ஒருவர் அதனை அணிந்தால் நகையாமல், நாமும் அணிவோமாக. ஒவ்வொரு சங்கமும் ஆண்டுக்கொரு முறை தன் அங்கத்தினரை ஒருங்கே சோதனைக்கு அழைத்துச் செல்லுமாயின், தனியே செல்லத் தயங்குவோரும் உடன் வருவர். கூட்டுறவால் ஆகத்தக்க நற்பணிகளுள் இதுவும் ஒன்று.