முட்டிவலியும் மெய்நிகர் கண்ணாடியும்: மூட்டுப் பாடத்துக்கு ஒரு துணைச் செயல்பாடு

மேல்நிலை வகுப்பில் மூட்டுகள் பற்றிய பகுதி, படம் வரைந்து பாகங்களைக் குறிப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. நான் அதை ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன்: "உங்கள் வீட்டில் யாருக்கு முட்டிவலி?" பாட்டி, அம்மா, பக்கத்து வீட்டு அத்தை என்று பதில்கள் வரும். "அதற்கு அவர்கள் என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டால் தைலம், மாத்திரை, "நடக்காமல் உட்கார்ந்தே இருக்காங்க" என்பார்கள். நாம் கற்பிக்க வேண்டியது அந்தக் கடைசிப் பதிலில் இருக்கிறது.

தேய்மானம் என்ற சொல்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் மூட்டுத் தேய்மானத்தோடு வாழ்ந்தவர்கள் சுமார் 52.8 கோடி பேர். அதிகம் பாதிக்கப்படும் மூட்டு முழங்கால், 36.5 கோடி பேர். பாதிக்கப்பட்டோரில் 60 விழுக்காட்டினர் பெண்கள்.

'தேய்மானம்' என்றதும் வண்டிச் சக்கரம் தேய்வதுபோல மாணவர்கள் எண்ணுகிறார்கள். ஓட்டாமல் நிறுத்தினால் சக்கரம் தேயாது. ஆனால் குருத்தெலும்பு உயிருள்ள திசு. அதில் இரத்த நாளங்கள் இல்லை. மூட்டுத் திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. காலை மடக்கி நீட்டும்போது ஏற்படும் அழுத்தமும் தளர்வும் அதற்கு உதவுகின்றன. உட்கார்ந்தே இருந்தால் முன்தொடைத் தசை மெலியும், மூட்டைத் தாங்கும் வலு குறையும், வலி கூடும், வலிக்குப் பயந்து இன்னும் உட்காருவார்கள். அதனால்தான் மருத்துவ வழிகாட்டுதல்கள் உடற்பயிற்சியையும், உடல் எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பதையும் முதன்மைச் சிகிச்சையாகச் சொல்கின்றன.

வீட்டில் பயிற்சி ஏன் நின்றுபோகிறது?

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. ஆனால் சிகிச்சையாளர் தினமும் ஒரே வீட்டில் இருக்க முடியாது. மற்ற நாள்களில் நோயாளி தனியாகச் செய்ய வேண்டும். சலிப்பு, வலி பற்றிய பயம், சரியாகச் செய்கிறோமா என்ற ஐயம் ஆகிய மூன்றும் பயிற்சியை நிறுத்திவிடுகின்றன.

இந்த மூன்றுக்கும் விடை தேடித்தான் மெய்நிகர் தொழில்நுட்பம் வருகிறது. கண்ணாடியை அணிந்தவருக்கு இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்கள் தெரியும். மூளை அவற்றை ஆழமுள்ள ஒரே காட்சியாக்குகிறது. காலை நீட்டினால் காட்சியில் பந்து உதைபடும், எண்ணிக்கை ஏறும். கவனம் விளையாட்டில் இருப்பதால் வலியுணர்வு குறைகிறது. தீக்காய நோயாளிகளிடம் இது முன்பே காணப்பட்டது. 2021 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வீட்டில் பயன்படுத்தும் 8 வார மெய்நிகர் திட்டம் ஒன்றை அனுமதித்தது. ஆனால் அது நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கானது. முழங்காலைப் பொறுத்தவரை ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. இது சிகிச்சையாளருக்கு மாற்று அல்ல, துணை என்றே மாணவர்களிடம் சொல்ல வேண்டும்.

குறைகளையும் சொல்வோம். கண்ணாடி தலையையும் கைகளையும் கவனிக்கும். முழங்காலை அறிய, காலில் தனி உணரி கட்ட வேண்டும். தரை கண்ணுக்குத் தெரியாததால் முதியவர் தடுமாறி விழலாம். ஆகவே உட்கார்ந்து செய்யும் பயிற்சியே பாதுகாப்பு. கண் அசைவைக் காண, உள்காது அதை உணராதபோது தலைசுற்றலும் வரும்.

கண்ணாடி இல்லாத செயல்பாடு

தேவை: ஆசிரியரின் கைப்பேசி, சாய்வுக் கோணம் காட்டும் செயலி, துணிப்பட்டை, நாற்காலி. கைப்பேசியிலுள்ள முடுக்கமானிதான் காலில் கட்டும் உணரியிலும் உள்ளது.

1. மாணவர் நாற்காலியில் அமர, கைப்பேசியைக் கணுக்காலுக்கு மேல் கட்டுங்கள். கால் தொங்கும் நிலை 0 பாகை. முழுதாக நீட்டினால் ஏறத்தாழ 90 பாகை.
2. எதுவும் சொல்லாமல் 10 முறை நீட்டச் செய்து, ஒவ்வொரு முறையும் எட்டிய கோணத்தைக் குறியுங்கள்.
3. சற்று ஓய்வுக்குப் பின், கோணத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே மீண்டும் 10 முறை.
4. இரு சராசரிகளையும் ஒப்பிட்டு வரைபடம் வரையச் செய்யுங்கள்.

உடனடிப் பின்னூட்டம் என்ன செய்கிறது என்பதை மாணவர்களே கண்டறிவார்கள். மெய்நிகர் பயிற்சியின் கருவும் அதுவே. முழங்காலில் காயமோ வலியோ உள்ள மாணவர் குறிப்பெடுப்பவராக இருக்கட்டும்.

பத்தாம் வகுப்புக்கு இதையே திருப்புத்திறன் கணக்காக்கலாம். 50 கிலோ எடையுள்ளவரின் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி சுமார் 3 கிலோ, அதாவது 30 நியூட்டன். அதன் ஈர்ப்பு மையம் முழங்காலிலிருந்து 0.25 மீட்டர் என்று கொண்டால், கால் கிடைமட்டமாக இருக்கையில் திருப்புத்திறன் 7.5 நியூட்டன் மீட்டர். 30 பாகையில் அதில் பாதி. தசைநாண் இழுக்கும் தூரம் 0.04 மீட்டர் மட்டுமே. ஆகவே தசை தர வேண்டிய விசை சுமார் 190 நியூட்டன், தூக்கும் எடையைப் போல ஆறு மடங்கு! வெறும் காலை நீட்டுவதும் பயிற்சிதான் என்பது இங்கே புரியும்.

வீட்டுப் பணி

மருத்துவரோ இயன்முறை சிகிச்சையாளரோ பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கும் வீடுகளில், மாணவர் இரண்டு வாரம் அருகிலிருந்து எண்ணிக்கை சொல்லி, தேதியிட்டுக் குறிக்கட்டும். இதுவரை மருத்துவரைப் பார்க்காதவர்களை முதலில் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். வீக்கம், காய்ச்சல், விழுந்த அடி இருந்தால் தாமதிக்கக் கூடாது. விலையுயர்ந்த கண்ணாடி செய்யும் வேலையில் பாதியையாவது பேத்தியின் குரல் செய்துவிடும். அந்தக் குறிப்பேட்டையே அகமதிப்பீட்டுச் செயல்பாடாக ஏற்கலாம்.