நேர்முகப் பரீட்சைக்குப் போகுமுன்

எங்கள் நாட்டில் அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாவதற்கு, பெரும்பாலான பாடநெறிகளில், எவர் முன்னாலும் போய் அமர்ந்து பேச வேண்டிய தேவை இல்லை. உயர்தரத்தில் ஒரு பாடத்துக்கு நாம் பெற்ற புள்ளியிலிருந்து, அப்பாடத்துக்குத் தோற்றியவர்களின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுக்கிறார்கள். மூன்று பாடங்களுக்கும் அப்படிக் கிடைப்பவற்றின் சராசரியே எங்கள் இசற் புள்ளி. அந்த எண்ணும், மாவட்டமும், விண்ணப்பத்தில் நாம் இட்ட விருப்ப ஒழுங்கும் எமக்காகப் பேசிவிடும். 13 வருடப் படிப்பில் நாம் பழகியதும் எழுதுவதற்குத்தான்.

அதனால்தானோ என்னவோ, நேர்முகப் பரீட்சை என்றதும் எமக்குக் கை குளிர்ந்துவிடுகிறது. ஆனாலும் எங்களில் பலருக்கு அது வரத்தான் போகிறது. கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு வரும். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு வரும். வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கு முயல்பவர்களுக்கும் வரலாம்.

என் பெரியும்மாவின் மகள், நான் ராத்தா என்று கூப்பிடுபவர், ஆசிரியப் பயிற்சிக்கான ஒரு நேர்முகப் பரீட்சைக்குப் போனார். “நீங்கள் ஏன் ஆசிரியையாக விரும்புகிறீர்கள்?” என்று கேட்டார்களாம். ராத்தா இரண்டு கிழமையாகப் பாடமாக்கி வைத்திருந்த பதிலைச் சொன்னார். ஆசிரியப் பணியின் புனிதம், எதிர்காலச் சந்ததி, நாட்டின் தூண்கள் எல்லாம் அதில் இருந்தன. கேட்டுக்கொண்டிருந்த அம்மணி பொறுமையாக, “அது சரி மகள், எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். உங்களுக்கு ஏன் விருப்பம்?” என்றாராம். ராத்தாவுக்குப் பேச்சு வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இருந்துவிட்டு வந்துவிட்டார். பின்னர் வந்த பெயர்ப் பட்டியலில் அவருடைய பெயர் இல்லை. அந்த ஒரு பதிலால்தான் அப்படி நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை.

என்னை வருத்துவது வேறொன்று. இரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையிலுள்ள சின்னப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை வீட்டுத் திண்ணையில் வைத்துப் படிப்பித்தவர் ராத்தா. காசு வாங்கியதில்லை. “அதை ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன். “அது பெருமை பேசுற மாதிரிப் போயிடுமே” என்றார்.

எங்களில் அநேகர் தடுக்கி விழும் இடம் இதுதான். அடக்கம் வேறு, மௌனம் வேறு. அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் புகழ்ந்ததே, வெட்கம் அவர்களை மார்க்கம் கற்பதிலிருந்து தடுக்கவில்லை என்பதற்காகத்தான். செய்யாததைச் செய்ததாகச் சொல்வதுதான் பிழை. செய்ததைக் கேட்கும்போது, கூட்டாமல் குறைக்காமல் சொல்வதில் என்ன பெருமை இருக்கிறது?

அடுத்த பயம், தெரியாத கேள்வி. நேர்முகத்துக்கு அதிக முக்கியத்துவம் கொடுக்கும் பல்கலைக்கழகங்களில் ஒன்று இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட். (எங்களில் யார் அங்கே போகப்போகிறோம் என்று சிரிக்க வேண்டாம், போகாவிட்டாலும் இதில் எமக்குப் பாடம் இருக்கிறது.) அங்கே விண்ணப்பித்தவர்களுள் சுருக்கப் பட்டியலில் வந்தவர்களை டிசம்பரில் நேர்முகத்துக்கு அழைக்கிறார்கள். கொவிட் காலத்திலிருந்து அது இணையவழியில் நடக்கிறது. கேள்வி கேட்பவர்கள் அங்கே படிப்பிக்கும் விரிவுரையாளர்களே. எப்படிப்பட்ட கேள்விகள் கேட்போம் என்று சில மாதிரிகளை அப்பல்கலைக்கழகமே வெளியிட்டிருக்கிறது. உயிரியலுக்கான ஒரு கேள்வி இப்படி: பொறிவண்டும் சிவப்பு, ஸ்ட்ரோபெரியும் சிவப்பு. ஏன்?

இதற்கு விடை எழுதிய பாடப்புத்தகம் எதுவும் எங்கள் கையில் இல்லை. இப்படி யோசித்துப் பார்க்கலாம். சிவப்பு என்பது இலைகளின் பச்சைக்கு நடுவில் எடுப்பாகத் தெரியும் நிறம். அப்படியானால் இரண்டும் தம்மை யாருக்கோ காட்டிக்கொள்ள விரும்புகின்றன. பழம் ஏன் தன்னைக் காட்ட வேண்டும்? பறவையோ விலங்கோ வந்து தின்றால்தான் விதை தூர இடங்களுக்குப் போகும். வண்டு ஏன் காட்ட வேண்டும்? தின்னப்பட்டால் அதற்கு நட்டம்தானே? அப்போ, “என்னைத் தின்னாதே, நான் கசப்பு” என்று எச்சரிப்பதாக இருக்கலாம். ஒரே நிறம், ஒன்றில் அழைப்பு, மற்றதில் எச்சரிக்கை. இந்த இடத்துக்கு வந்து சேர உயர்தர உயிரியல்கூடத் தேவையில்லை, கலைப்பிரிவில் படிக்கும் எனக்கே முடிந்தது. பரீட்சகர்கள் பார்க்க விரும்புவது அந்த நடையைத்தான். அதை நாம் மனதுக்குள் மட்டும் நடந்தால் அவர்களுக்குத் தெரியாது. “தெரியாது” என்று நிறுத்துவதற்கும், “நிச்சயமாகத் தெரியாது சேர், ஆனால் இப்படி இருக்குமோ என்று நினைக்கிறேன்” என்று தொடங்குவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

இது எமக்கு அந்நியமான முறையும் அல்ல. முஆத் இப்னு ஜபல் (ரழி) அவர்களை யெமனுக்கு அனுப்பியபோது நபி (ஸல்) அவர்கள் கேட்டதாக அறிவிக்கப்படும் செய்தி இஸ்லாம் பாடத்தில் எமக்குப் பழக்கமானது. எதைக் கொண்டு தீர்ப்பளிப்பீர் என்று கேட்டார்கள். அல்லாஹ்வின் வேதத்தைக் கொண்டு என்றார். அதில் காணாவிட்டால்? தூதரின் சுன்னாவைக் கொண்டு. அதிலும் காணாவிட்டால்? என்னால் இயன்றவரை சிந்தித்து முடிவு செய்வேன். கேள்விக்கு மேல் கேள்வி கேட்டது அவரை மடக்குவதற்காக அல்ல. நேர்முகத்தில் “ஏன்?”, “அப்படி இல்லாவிட்டால்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டால், எமது பதில் பிழை என்று நடுங்கத் தேவையில்லை. இன்னும் கொஞ்சத் தூரம் நடக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

சான்றிதழ் விடயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். மூலப் பிரதிகளும் போட்டோப் பிரதிகளும் வெவ்வேறாக, அழைப்புக் கடிதத்தில் கேட்ட ஒழுங்கிலேயே பைலில் இருக்கட்டும். எங்கள் சமூகத்தில் அதிகமாக வரும் சிக்கல் பெயர். பிறப்புச் சான்றிதழில் பாத்திமாவுக்கு ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டு, அடையாள அட்டையில் இன்னொன்று, பெறுபேற்றுச் சான்றிதழில் வாப்பாவின் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்ற குழப்பம். இதை நேர்முகத்துக்கு முந்திய இரவில் கண்டுபிடித்து அழுவதை விட, இந்த வாரமே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருத்த வேண்டியதற்கும் சத்தியக் கடதாசி முடிப்பதற்கும் நாள் எடுக்கும்.

உடை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சுத்தமாக, மடிப்பாக, நாம் வழமையாக உடுப்பதே போதும். ஓர் ஆண் கைகுலுக்க நீட்டினால், புன்னகையோடு கையை நெஞ்சில் வைத்து ஸலாமோ வணக்கமோ சொன்னால் பெரும்பாலானோர் விளங்கிக்கொள்வார்கள். கேள்வி சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வந்து புரியாவிட்டால், புரிந்த மாதிரித் தலையாட்ட வேண்டாம். இன்னொரு தடவை சொல்லும்படி கேட்கலாம், தமிழில் பதில் சொல்லலாமா என்றும் கேட்கலாம்.

எங்கள் வகுப்பில் நாங்கள் மூன்று பேர் இடைவேளையில் நூலகத்துக்குப் பின்னால் பழகிப் பார்க்கிறோம். ஒருவர் கேட்பார், ஒருவர் பதில் சொல்வார், மூன்றாமவர் நேரம் பார்ப்பார். எந்தப் பதிலுக்கும் மூன்று தரம் “ஏன்?” கேட்க வேண்டும் என்பதுதான் சட்டம். முதல் நாள் எனக்கு இரண்டாவது “ஏன்?”இலேயே சிரிப்பு வந்து எல்லாம் கெட்டது. ஐந்தாம் நாள்தான், சத்தமாக யோசிப்பது என்னவென்று கொஞ்சம் பிடிபட்டது.

போன வெள்ளிக்கிழமை ராத்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். இந்த முறை வேறொரு பாடநெறிக்கு விண்ணப்பித்திருக்கிறாராம். “நீ மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கேளு” என்றார். நான் அதே கேள்வியைக் கேட்டேன். திண்ணைக்கு வரும் பிள்ளைகளில் ஒரு பையன் இருந்தானாம், தரம் மூன்று. எழுத்துகளைத் தலைகீழாக எழுதுவான், பாடசாலையில் அவனை மக்கு என்றே வைத்துவிட்டார்கள். ராத்தா ஒரு தட்டில் மணலைப் பரப்பி, அவனுடைய விரலைப் பிடித்து எழுதவைத்திருக்கிறார். நாலு மாதம் கழித்து ஒருநாள் அவன் தன் உம்மாவின் பெயரை ஒரு எழுத்தும் பிழையில்லாமல் எழுதிவிட்டு, அதை அழிக்க விடாமல் தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினானாம்.

பக்கத்து வீட்டிலேயே இருக்கும் எனக்கு இது அன்றைக்குத்தான் தெரியும். அடுத்த “ஏன்?” கேட்க நான் மறந்துபோனேன்.