கூலிங் ஃபிலிம் ஒட்ட வரும் தம்பிக்கு

ஸ்டிக்கர் கடையில் வேலைக்குச் சேர்ந்து, கை பழகியதும் வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஃபிலிம் ஒட்டக் கிளம்பும் பையன்களைப் பார்க்கிறேன். கை வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது. இந்த ஜன்னலுக்கு ஏன் இந்த ஃபிலிம் என்று கேட்டால் மட்டும் கேட்லாக்கை நீட்டுகிறார்கள். இந்தத் தொழிலில் பாதி வேலை ரோலை விரிப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதனால் அந்தப் பாதியைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

1. முதலில் திசையைக் கேள். "வீடு கொதிக்குது, எல்லா ஜன்னலுக்கும் ஒட்டிடுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். உடனே டேப்பை எடுக்காதே. எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது என்று விசாரி. சென்னை பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் உச்சிக்கு வந்து, ஆகஸ்ட் பாதி வரை நடுப்பகலில் சற்று வடக்கே தள்ளியே நிற்கும். ஆகவே கத்திரி வெயிலில் தெற்கு ஜன்னலுக்குள் நேர் வெயில் நுழைவதில்லை. மார்கழி, தையில்தான் நுழையும். அதை யாரும் பெரிதாகக் குறை சொல்வதுமில்லை. ஆளைக் கொல்வது மேற்கு ஜன்னல். பிற்பகலில் வெயில் தாழச் சரிந்து சன்ஷேடுக்கு அடியில் புகுந்துவிடும். அதற்கு முதலில் ஒட்டு, அடுத்தது கிழக்கு. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடு என்றால் சூடு தளத்திலிருந்துதான் இறங்குகிறது. அதை ஜன்னல் ஃபிலிம் எதுவும் செய்யாது. மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கச் சொல்லிவிட்டு வா. ஆர்டர் போகும், ஆள் போக மாட்டார்.

2. கண்ணாடி என்ன வகை என்று தெரியாமல் விலை சொல்லாதே. வெயிலை உறிஞ்சும் ஃபிலிமை உள்பக்கம் ஒட்டினால் கண்ணாடியின் நடுப்பகுதி சூடேறி விரியும். அலுமினிய ஃபிரேமுக்குள் புதைந்திருக்கும் ஓரம் வெயில் படாமல் குளிர்ந்தே இருக்கும். நடு விரிய, ஓரம் இழுபட, வெட்டும்போது ஓரத்தில் விட்ட சின்னச் சில்லிலிருந்து விரிசல் கிளம்பும். சூட்டில் விட்ட விரிசலைக் கண்டுபிடிப்பது எளிது: அது ஓரத்திலிருந்து செங்குத்தாகப் புறப்பட்டு, பிறகுதான் வளையும். கல் பட்டது என்றால் ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் ஓடும். வாடிக்கையாளர் சண்டைக்கு வரும்போது இந்த வித்தியாசம் உன்னைக் காப்பாற்றும். சில சமயம் உன் மேல்தான் தப்பு என்றும் காட்டிக் கொடுக்கும்.

மூலையில் அச்சு முத்திரை இருந்தால் டஃபன்ட் கண்ணாடி, ஓரளவு சூடு தாங்கும். கம்பி வலை பதித்த கண்ணாடி, லேமினேட்டட், ஏற்கெனவே நிறம் போட்ட கண்ணாடி, இரட்டைக் கண்ணாடி ஆகியவற்றில் கை வைக்கும் முன் ஃபிலிம் கம்பெனியின் பொருத்தப் பட்டியலைப் பார். சில இடங்களில் வெளிப்பக்கம் ஒட்டும் ஃபிலிம்தான் வழி; அதற்கு ஆயுசு குறைவு என்பதையும் சொல்லிவிடு. பாத்ரூம் ஜன்னலில் இருக்கும் பின்ஹெட் கண்ணாடியின் மேடுபள்ளமான பக்கத்தில் எதுவும் நிற்காது. வழவழப்பான பக்கம் வெளியே இருந்தால் அந்த வேலையை விட்டுவிடு.

3. பெட்டியில் இருக்கும் எண்களைப் படி. "99 சதவீதம் யு.வி. தடுக்கும்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பான். நிறமே இல்லாத நல்ல ஃபிலிமும் அதைச் செய்யும், அது பெருமையில்லை. தரைக்கு வரும் வெயிலின் சக்தியில் யு.வி. வெறும் சில சதவீதம்தான். ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. மீதி கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். அகச்சிவப்பில் ஒரு குறுகிய பட்டையை மட்டும் அளந்து 95, 97 என்று போடுகிறவர்களும் உண்டு. நீ கேட்க வேண்டியது டி.எஸ்.இ.ஆர். என்ற எண், அதாவது மொத்த வெயிலில் எவ்வளவு வெளியே நிற்கிறது என்பது. அதிலும் ஒரு சூட்சுமம்: வெறும் 6 மி.மீ. கண்ணாடியே ஏறக்குறைய 18 சதவீதத்தைத் தடுத்துவிடுகிறது. 50 என்று போட்ட ஃபிலிமின் சொந்தச் சம்பாத்தியம் மீதி 32தான். அடுத்து வி.எல்.டி., உள்ளே வரும் வெளிச்சத்தின் அளவு. கறுப்பாக இருந்தால் குளிர்ச்சி என்ற நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. மலிவான சாயம் போட்ட கறுப்பு ஃபிலிம், தெளிவான செராமிக் ஃபிலிமைவிட அதிகச் சூட்டை உள்ளே விடலாம். சில வருடத்தில் ஊதா நிறமாகி உன் பேரையும் கெடுக்கும்.

4. ஹீட் லேம்ப் வித்தையைக் காட்டிப் பிழைக்காதே. விளக்குக்கும் கைக்கும் நடுவே ஃபிலிமைப் பிடித்ததும் "ஆஹா, சில்லுனு இருக்கே" என்பார்கள். அந்த விளக்கில் பெரும்பாலும் அகச்சிவப்புதான்; வெயிலில் அப்படியில்லை. விளக்கின் முன் பத்து நிமிடம் கண்ணாடியை வைத்துவிட்டு அதையே தொடச் சொல். உறிஞ்சும் ஃபிலிமா, திருப்பி அனுப்பும் ஃபிலிமா என்று அப்போது தெரியும்.

5. கடைக்கு ஒட்டுவது வேறு கணக்கு. பட்டுப் புடவைக் கடை ஷோகேஸுக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் அரக்கு எது, மெரூன் எது என்று தெருவில் நிற்பவருக்குத் தெரியாது. அங்கே வேண்டியது தெளிவான யு.வி. ஃபிலிம். அதனாலும் சாயம் வெளுப்பது மெதுவாகுமே தவிர நிற்காது, ஏனென்றால் வெளிச்சமும் சூடும்கூட வெளுக்க வைக்கும். பொம்மைக்குக் கட்டிய புடவையை அடிக்கடி மாற்றச் சொல். கிளினிக், ஆபீஸ் அறைகளுக்கு ஃப்ராஸ்டட். முழுக் கண்ணாடிக் கதவு இருந்தால் கண் மட்டத்தில் ஒரு பட்டையாவது ஒட்டு, முட்டிக்கொள்வது நிற்கும். கண்ணாடி மாதிரி மின்னும் ஒன்வே ஃபிலிம் கேட்பவர்களிடம் ஒரு விஷயத்தை முன்பே சொல்: எந்தப் பக்கம் இருட்டோ அங்கிருப்பவருக்குத்தான் எதிர்ப்பக்கம் தெரியும். இரவில் உள்ளே விளக்கைப் போட்டால் தெருவே பார்க்கும். திரை போட்டே ஆக வேண்டும். உலோகப் பூச்சு உள்ள ஃபிலிம் செல்போன் சிக்னலையும் கொஞ்சம் குறைக்கும்.

6. ஒட்டுவதில் தண்ணீர்தான் முக்கியம். போர் தண்ணீரை ஸ்ப்ரேயரில் ஊற்றாதே; உப்பு ஃபிலிமுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகத் தங்கிவிடும். கேன் தண்ணீரும் சில சொட்டு பேபி ஷாம்பூவும் போதும். ஃபேனை நிறுத்து. ஒவ்வொரு ஜன்னலுக்கும் புது பிளேடு. ஓரத்தில் அரை நூல் இடைவெளி விடு. ரப்பர் பீடிங்கில் ஏறி உட்கார்ந்த ஃபிலிம் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்குவீஜி போடு, ஓரத்தைத் துணியால் துடை.

7. பராமரிப்பை வீட்டுக்காரரிடம் சொல்லாமல் படியிறங்காதே. ஒட்டிய பின் மங்கலாகவும், சின்னத் தண்ணீர்க் குமிழிகளோடும் தெரியும். ஒரு மாதத்தில் காய்ந்துவிடும். ஐப்பசி மழையில் இன்னும் இழுக்கும். ஊசியால் குத்த வேண்டாம், அந்த மாதம் துடைக்கவும் வேண்டாம். பிறகு மென்மையான துணி, லேசான சோப்புத் தண்ணீர். நியூஸ்பேப்பர், ஸ்க்ரப்பர், அமோனியா கலந்த கிளீனர் கூடாது. கடைக்காரர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியது: ஆடித் தள்ளுபடி போஸ்டரை உள்பக்கம் செலோடேப் போட்டு ஒட்டினால், ஆடி முடிந்து உரிக்கும்போது ஃபிலிமும் சேர்ந்து வரும். வெளிப்பக்கம் ஒட்டட்டும். ஆயுத பூஜைச் சந்தனமும் வெளிப்பக்கமே. காய்ந்ததைச் சுரண்டாமல் நனைத்து எடுக்கட்டும்.

8. சேஃப்டி ஃபிலிமை "உடையாத கண்ணாடி" என்று விற்காதே. கண்ணாடி உடையும், சில்லு பறக்காமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். 2016 டிசம்பர் வர்தா புயலுக்குப் பிறகு சென்னையில் இதைச் சொல்லி விளங்க வைப்பது எளிதாகிவிட்டது. ஃபிரேமோடு சீலன்ட் போட்டுப் பிணைக்காவிட்டால் மொத்தப் பாளமாகவே கழன்று விழலாம்.

9. "கறுப்பு ஃபிலிம் தடை ஆச்சே?" என்று கேட்பார்கள். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது வண்டிக் கண்ணாடிக்கு, வீட்டுக்கல்ல. அபார்ட்மென்ட் சங்கத்தின் அனுமதி மட்டும் கேட்டுக்கொள்.

10. பில்லில் "சன் ஃபிலிம், இத்தனை சதுர அடி" என்று மொட்டையாக எழுதாதே. கார்வேரோ த்ரீ எம்மோ எதுவானாலும் கம்பெனி பெயர், மாடல் எண், ஒட்டிய தேதி, எந்த ஜன்னல் எல்லாம் எழுது. வாரன்டி அட்டையைக் கையில் கொடு. மாடல் எண் இல்லாத பில்லை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனியிடமும் வாரன்டி கேட்க முடியாது.