பிட்காயின்ல பணம் அனுப்பினா யாருக்கும் தெரியாதா? திண்டிவனம் டு விழுப்புரம் ஒரு கணக்கு



"பிட்காயின்ல அனுப்பினா பேங்குக்குத் தெரியாது, இன்கம் டாக்ஸுக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாது." இந்தப் பேச்சை நம்பி நிறைய பேர் இறங்குறாங்க. இதுல பாதி உண்மை, பாதி ஆபத்து. எது எதுன்னு இன்னைக்குப் பிரிச்சுப் பார்த்துடுவோம்.

நீங்க திண்டிவனத்துல இருக்கீங்க. உங்க மச்சான் விழுப்புரத்துல. நடுவுல சுமார் 40 கிலோமீட்டர். அவருக்கு 20,000 ரூபாய் கொடுக்கணும். மூணு வழி இருக்கு.

1. ரொக்கம்: பஸ் ஏறிப் போய்க் கையில கொடுக்குறீங்க. உங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. எந்த ரெக்கார்டும் இல்ல.

2. யூபிஐ: ஒரு நிமிஷத்துல போயிடும். உங்க பேங்க், அவர் பேங்க், நடுவுல இருக்குற என்பிசிஐ, மூணு பேருக்கும் தெரியும். ஆனா பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது.

3. பிட்காயின்: உங்க பேரு யாருக்கும் தெரியாது. ஆனா எவ்வளவு போச்சு, எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்குப் போச்சு, எப்போ போச்சுன்னு உலகத்துல யார் வேணும்னாலும் பார்க்கலாம். இன்னைக்கு மட்டும் இல்ல, இருபது வருஷம் கழிச்சும் பார்க்கலாம்!

மொய் நோட்டை நினைச்சுக்கோங்க

கல்யாண மண்டப வாசல்ல மேசை போட்டு மொய் எழுதுவாங்க. பேரு, ஊரு, தொகை. அந்த நோட்டு ஒண்ணே ஒண்ணு, மாப்பிள்ளை வீட்டுல இருக்கும். அது தொலைஞ்சா கணக்கே போச்சு. அவங்க ஒரு வரியை அடிச்சாலும் யாருக்கும் தெரியாது.

இப்போ அதே நோட்டுக்கு ஊர்ல உள்ள ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு நகல் இருக்குன்னு வைங்க. புதுசா ஒரு பக்கம் எழுதினா எல்லா வீட்டு நோட்டுலயும் ஏறும். ஒருத்தர் திருத்தினா மத்தவங்க நோட்டோட ஒத்துப்போகாது, செல்லாது. இதுதான் பரவலாக்கம். 2009 ஜனவரி 3-ல தொடங்கின பிட்காயின் கணக்கேடு இப்படித்தான் ஓடுது. சராசரியா 10 நிமிஷத்துக்கு ஒரு பக்கம், அதாவது ஒரு பிளாக். தலைமை அலுவலகம் கிடையாது, மேனேஜர் கிடையாது.

இந்த நோட்டுல பேருக்குப் பதிலா டோக்கன் நம்பர் மாதிரி ஒரு முகவரி இருக்கும். ஆனா அந்த நம்பர் உங்களோடதுன்னு ஒரு தடவை தெரிஞ்சுட்டா? அந்த நம்பர்ல நடந்த பழைய கணக்கு முழுக்க ஒரே மூச்சுல படிச்சிடலாம்.

பேரு எங்கே வெளியே வருது?

முதல் இடம், எக்ஸ்சேஞ்ச். பான், ஆதார் கொடுத்துத்தான் பிட்காயின் வாங்குறீங்க. 2023 மார்ச் 7 அறிவிப்புக்குப் பிறகு கிரிப்டோ நிறுவனங்களும் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள்ள வந்தாச்சு. எந்த முகவரிக்கு எடுத்தீங்கன்னு அவங்ககிட்ட ரெக்கார்டு இருக்கும்.

ரெண்டாவது, ஒரே முகவரியைத் திரும்பத் திரும்பக் கொடுக்குறது. மச்சானுக்குக் கொடுத்த முகவரியையே கடைக்காரருக்கும் கொடுத்தா, ரெண்டு பேரும் உங்க வரவை எட்டிப் பார்க்கலாம்.

மூணாவது, சில்லறை. 500 ரூபாய் நோட்டைக் கொடுத்து 120 ரூபாய்க்குச் சாமான் வாங்கினா 380 திரும்பி வருதில்ல? பிட்காயினும் அப்படித்தான். 0.01 பிட்காயின் வந்திருக்கு, 0.003 அனுப்புறீங்கன்னா, கட்டணம் போக மீதி ஒரு புது முகவரிக்குத் திரும்பி வரும். அதையும் இன்னொரு வரவையும் சேர்த்து ஒரே பரிவர்த்தனையில செலவு பண்ணினா, ரெண்டும் ஒரே ஆளோடதுன்னு ஊகிச்சிடுவாங்க.

இது சும்மா பயமுறுத்தல் இல்ல. 2016-ல பிட்ஃபினெக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 1,20,000 பிட்காயின் திருடு போச்சு. அதை எத்தனையோ முகவரிகள்ல பிரிச்சு மாத்தினாங்க. ஆனாலும் 2022 பிப்ரவரியில அமெரிக்க அரசு 94,000-க்கும் மேல கைப்பற்றிடுச்சு. ஆறு வருஷம் கழிச்சும் நோட்டு அப்படியே இருந்துச்சு பாருங்க.

பரவலாக்கத்துக்கு விலை உண்டு

தப்பான முகவரிக்கு அனுப்பிட்டா புகார் கொடுக்கக் கவுண்டர் இல்ல. திருப்பி எடுக்க வழியும் இல்ல.

அதேசமயம், எக்ஸ்சேஞ்ச்லயே வெச்சிருந்தா பரவலாக்கத்தோட பலன் உங்களுக்கு இல்ல. 2024 ஜூலை 18-ல வாசிர்எக்ஸ்ல 23 கோடி டாலர் அளவுக்கு ஹேக் நடந்துச்சு. பணம் எடுக்க முடியாம மக்கள் மாசக்கணக்குல காத்திருந்தாங்க. அன்னைக்கும் பிட்காயின் நெட்வொர்க் ஒரு குறையும் இல்லாம ஓடிட்டுத்தான் இருந்துச்சு. நோட்டு பத்திரம், சாவிதான் அடுத்தவர் கையில இருந்துச்சு.

பெரிய ஆபத்து: பி2பி

"எக்ஸ்சேஞ்ச் வேணாம், நேரடியா எனக்கு வித்துடு, ஜிபே பண்றேன்"னு ஒருத்தர் வருவார். பணமும் வரும், நீங்க காயினை அனுப்பிடுவீங்க. அந்தப் பணம் வேற மாநிலத்துல யாரையோ ஏமாத்தி எடுத்ததா இருந்தா, சைபர் கிரைம் போலீஸ் சொல்லி உங்க பேங்க் அக்கவுண்ட் முடங்கும். காயினும் போச்சு, சம்பளக் கணக்கும் போச்சு. யாருக்கும் தெரியாம விக்கப் போய் மாட்டிக்கிறது இங்கதான்.

அப்போ என்ன பண்ணலாம்?

• ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் புது முகவரி கொடுங்க. நல்ல வாலெட் தானாவே உருவாக்கும்.
• முதல்ல சின்னத் தொகை அனுப்பி, போய்ச் சேர்ந்ததும் மீதியை அனுப்புங்க. காப்பி பண்ணின முகவரியோட முதல், கடைசி எழுத்துகளைச் சரிபாருங்க.
• 12 அல்லது 24 வார்த்தை மீட்புச் சொற்களைப் பேப்பர்ல எழுதி வைங்க. போட்டோ எடுக்காதீங்க, வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க.
• எவ்வளவு வெச்சிருக்கீங்கன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. வீட்டு நகையை எவ்வளவுன்னு ஊருக்கே சொல்லுவோமா?
• வரியை மறைக்காதீங்க. 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி, அது மேல செஸ். ஒரு காயின்ல வந்த நஷ்டத்தை இன்னொண்ணுல கழிக்க முடியாது. 2022 ஜூலை 1 முதல் 1 சதவீத டிடிஎஸ்ஸும் உண்டு. பிட்காயின் கொடுத்துப் பொருள் வாங்கினாலும் வித்த மாதிரிதான் கணக்கு.

தனியுரிமைங்கறது வேற, ஒளிவுமறைவுங்கறது வேற. உங்க கணக்கை ஊர் பார்க்காம இருக்கணும்னு நினைக்கிறது உங்க உரிமை. அரசாங்கமே பார்க்க முடியாதுன்னு நம்பி இறங்குறது உங்க நஷ்டம்.

கடைசியா, மச்சானுக்கு 20,000 அனுப்ப எது சிறந்தது? சந்தேகமே வேணாம், யூபிஐ தான்! பிட்காயினைக் கத்துக்கோங்க, ஆனா அவசரப்படாதீங்க.

வாலெட்ல புது முகவரி எப்படி எடுக்குறதுன்னு நம்ம சேனல் வீடியோவுல ஸ்க்ரீனோட காட்டியிருக்கேன், பாருங்க. இந்தப் பதிவு புரிதலுக்காக மட்டும்தான், முதலீட்டு ஆலோசனை இல்ல. அடுத்த பதிவுல சந்திப்போம்.