லடாக் புறப்படும் கயலுக்கு

அன்புள்ள கயல்,

அக்டோபர் நடுவில் லடாக் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். பனிமனிதன் போலத் தெரியும் அளவுக்குப் பெரிய ஜாக்கெட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாயாம். இருக்கட்டும், ஆனால் அந்த ஒன்றை மட்டும் நம்பிப் போய்விடாதே. பெரியப்பா ராணுவத்தில் லேயில் இருந்தபோது அந்த ஊர் இலையுதிர் காலத்தை நான் பார்த்திருக்கிறேன். பாப்லர் மரங்கள் மஞ்சளாகும் அந்த மாதத்தில் ஒரே நாளில் சித்திரையும் மார்கழியும் வந்துபோகும்.

லே கடல்மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரம். காற்றில் ஈரம் மிகக் குறைவு. வெயிலில் நின்றால் முதுகு சுடும். சுவர் நிழலுக்கு நகர்ந்தால் குளிரும். பொழுது சாய்ந்தால் பகலின் சூடு மளமளவென்று போய்விடும். நீ போகப்போகும் கார்துங் லா கணவாயோ 5,300 மீட்டருக்கும் மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். லேயில் 11 டிகிரி இருக்கும்போது அங்கே பூஜ்யம் என்று வைத்துக்கொள். காற்றடித்தால் அதைவிடக் குளிராகத் தெரியும்.

அதனால் நினைத்தபோது கழற்றவும் மாட்டவும் முடிகிற உடுப்புகளாக எடு. உடம்போடு ஒட்டிய தெர்மல், நடுவில் கம்பளி அல்லது ஃப்ளீஸ், வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட். நடுவில் போடுவது முன்பக்கம் ஜிப் வைத்ததாக இருக்கட்டும். வண்டிக்குள் ஹீட்டர் போட்டால் உடனே திறந்துவிடலாம். வியர்த்த பிறகு கழற்றுவதில் பயனில்லை. வியர்க்கப் போகிறது என்று தெரியும்போதே கழற்று.

நம் ஊர் வெக்கைக்குப் பருத்திக்கு ஈடு இல்லை. அங்கே அதை உடம்போடு ஒட்டிப் போடாதே, பனியன் உட்பட. வியர்வையைக் குடித்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும். ஜாக்கெட்டுக்குள் இருக்கும்வரை காயாது. அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். ஜீன்ஸும் பருத்திதான். ஒன்று மட்டும் எடுத்துக்கொள், லே கடைவீதியில் சுற்ற.

ராத்திரிக்கு ஒரு தெர்மல், ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ் தனியாகப் பையில் கட்டி வை. பகலில் அவற்றைத் தொடக்கூடாது. பாங்காங் ஏரிக்கரையில் தங்கும் இரவில், குளிர் உறைக்கும் முன்பே பகல் உடுப்பை மாற்றிவிடு. மறுநாள் போடுவதை ரஜாய் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படு. செல்போனையும் பவர் பேங்கையும் அப்படியே. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். விரல்கள் அசைகிற அளவுக்கு இடம் இருக்கட்டும். திக்சே, ஹெமிஸ் மடாலயங்களில் பிரார்த்தனைக் கூடத்துக்குள் ஷூவைக் கழற்றித்தான் போக வேண்டும். தரை சில்லென்று இருக்கும். கிழியாத சாக்ஸ் போட்டுப் போ. குல்லா, கையுறை, மஃப்ளர் மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். உயரத்தில் வெயில் தோலை எரித்துவிடும் என்பதால் விளிம்பு வைத்த தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அவசியம்.

துவைத்துக்கொள்ளலாம் என்று எண்ணாதே. பனி உருகி வரும் தண்ணீரை நம்பி வாழும் ஊர் அது. கம்பளி லேசில் நாறாது. அதனால் பகலுக்கு இரண்டு கம்பளி தெர்மல் போதும்.

உடுப்புகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. லேயில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் இங்கே கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். முதல் நாள் கனத்த பெட்டியோடு மாடிப்படி ஏறினால் தலைவலியில் படுத்துவிடுவாய்.

லேக்கு விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே இறங்கும். வழியில் டெல்லியில் புழுங்கினாலும் ஜாக்கெட்டையும் குல்லாவையும் கைப்பையில் வை, செக்-இன் பெட்டியில் போடாதே. இறங்கியதும் இரண்டு நாள் ஓய்வெடு, தண்ணீர் நிறையக் குடி. தலைவலியோ மூச்சுத் திணறலோ கூடினால் மறைக்காமல் டாக்டரிடம் போ, மேலே ஏறாதே.

பெட்டி கட்டும் அன்று எனக்கு ஃபோன் செய். பெரியப்பாவின் கம்பளிக் கையுறை உனக்குச் சரியாக இருக்கும், கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா