திருச்சுழிச் சீமைக்கு ஏற்ற சபை மடல் எது?

அமெரிக்கன் மதுரை மிஷன் 1834இல் மதுரையில் வேலையைத் தொடங்கி, பின்னர் திருச்சுழிக்குப் பக்கத்தில் உள்ள மண்டபசாலை வரை பரவியது. அந்த வழியில் வந்த சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்து, இன்று மதுரை–இராமநாதபுரம் பேராயத்தில் இருக்கின்றன. இந்த வானம்பார்த்த பூமியில் ஓர் ஆயருக்குப் பல ஊர்கள். எல்லா ஊருக்கும் எல்லா ஞாயிறும் அவரால் போக முடியாது. மழை பொய்த்தால் இளவட்டங்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போய்விடுகிறார்கள். நடக்க முடியாத பெரியவர்கள் திண்ணையோடு நின்றுவிடுகிறார்கள். ஆகவே இங்கே சபை மடலின் முதல் வாசகர், அன்றைக்குக் கோயிலுக்கு வராதவர்தான். எந்த வடிவம் நல்லது என்பதை அவரை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

பலருக்கு முதலில் தோன்றுவது சிவகாசி. இவ்வளவு பக்கத்தில் இத்தனை அச்சகங்கள் இருக்கும்போது, வழவழப்பான தாளில் பல வண்ணத்தில் மாத இதழாகவே போட்டுவிடலாமே என்பார்கள். ஆப்செட் அச்சில் பிளேட் போடும் செலவு, நூறு பிரதிக்கும் பத்தாயிரம் பிரதிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆயிரக்கணக்கில் அடித்தால் அது கட்டுப்படியாகும். நூற்றைம்பது பிரதிக்குக் காணிக்கைப் பணம்தான் கரையும். அதோடு மாதம் ஒருமுறை வரும் இதழில் இந்த வாரத்துத் துக்கச் செய்தியும் அடுத்த ஞாயிறு ஆராதனை நேர மாற்றமும் இடம்பெறாது. பிள்ளைகளின் படம் வந்தால் குடும்பமே ஆசையாகப் பார்க்கும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அதற்குக் கிறிஸ்துமஸ் மலர் ஒன்று போதும். வாராவாரம் வேண்டியது ஒரே ஏ4 தாள்: நடுவில் மடித்து நான்கு பக்கம், கறுப்பு மை, ஜெராக்ஸ் அல்லது ரிசோ நகலச்சு.

அப்படியானால் தாள்கூட எதற்கு, வாட்ஸ்அப் குழுவில் போட்டால் காசே இல்லையே என்ற கேள்வி வரும். திருப்பூரில் இருக்கும் மகனுக்கு அதுதான் சரியான வழி. அதை விடவே கூடாது. ஆனால் அவன் தாய்க்கு அது போய்ச் சேராது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் எழுத்தறிந்தவர்கள் சுமார் 73 சதவீதம். வயதான கிராமத்துப் பெண்களிடையே அந்த அளவு இன்னும் குறைவாகத்தான் இருக்கும். வாசிக்கத் தெரியாதவருக்குத் தாளும் பயன்படாதே என்று மறுக்கலாம். பயன்படும். வீட்டுக்கு வந்த தாளைப் பேரப்பிள்ளை வாசித்துக் காட்டும். அதனால் மடலை, உரக்க வாசித்தால் ஒரே மூச்சில் புரியும் சிறு வாக்கியங்களில் எழுத வேண்டும். அதையே யாராவது வாசித்து ஒலிப்பதிவாகவும் குழுவில் அனுப்பலாம். கோயில் வாசல் கரும்பலகை அவசரத்துக்கு மட்டும். தெருவில் போகிறவர் இரண்டு வரிக்கு மேல் நின்று படிப்பதில்லை.

தாளும் கைபேசியும் இரண்டும் வேண்டும் என்று ஆனபின், ஒரே எழுத்து வேலை இரண்டுக்கும் உதவ வேண்டும். டி.டி.பி. கடையில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை வெட்டி வாட்ஸ்அப்பில் ஒட்டினால், தமிழ் போய் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். யூனிகோடில் அடித்துக் கொடுங்கள். எழுத்தின் அளவு 14 பாயிண்டுக்குக் குறைய வேண்டாம். சிறிய எழுத்தை ஜெராக்ஸ் எடுத்தால் ண, ன, ணை ஆகியவற்றின் சுழிகள் மையில் அடைத்துக்கொள்ளும். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி மறைந்து, ‘பத்து’ ‘பதது’ ஆகிவிடும். இரு ஓரமும் நேராக வரும்படி வரிகளை இழுத்து அமைத்தால், நீண்ட தமிழ்ச் சொற்களுக்கு நடுவே பொந்து பொந்தாக இடைவெளி விழும். இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும்.

பெரிய எழுத்துக்கு இடம் எங்கே என்று கேட்பார்கள். ஆராதனை முறைமையும் பாட்டுகளும் கையில் உள்ள புத்தகத்திலேயே இருக்கின்றன. மடலில் எண் மட்டும் போதும். தனித்தனிக் காணிக்கைப் பட்டியலையும் எடுத்துவிடலாம். கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டாமா என்றால், கட்டாயம் இருக்க வேண்டும். மொத்த வரவும் செலவும் அதைச் சொல்லிவிடும். விளைச்சல் இல்லாத வருஷத்தில் பெயருக்கு நேரே பத்து ரூபாய் என்று அச்சிட்டால், அந்தக் குடும்பம் அடுத்த வாரம் கோயிலுக்கே வரக் கூசும். நோயாளிகளுக்கான ஜெபக் குறிப்பில் சம்மதம் கேட்டுப் பெயரைப் போடுங்கள். நோயின் பெயர் வேண்டாம். தாள் ஒரு வீட்டோடு நின்றுவிடும், குழுவில் போட்ட செய்தி ஊர் ஊராகப் போகும்.

அடுத்த மடலை நகலெடுக்கும் முன், ஒரே ஒரு பிரதியைச் சபையில் எழுதப் படிக்கத் தெரிந்த மூத்த பாட்டியிடம் கொடுத்து, சாயங்கால வெளிச்சத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த வரியில் தடுமாறுகிறாரோ, அந்த வரியைத் திருத்திவிட்டு மற்ற பிரதிகளை எடுங்கள்.